செராமிக் பிரேக் தேவையா? ஒர்க்ஷீட்டில் போட்டுப் பார்ப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் ஒர்க்ஷீட் புரோகிராமை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, கட்டம் கட்டமாக இருப்பதைக் கண்டதும் மூடிவிடுகிறார்கள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று தொடங்குபவர்களும் இரண்டு மாதத்தில் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். அது இயற்கைதான். கூட்டல் போடுவதற்கு நோட்டும் பேனாவும் போதும். "இந்த எண்ணை மாற்றினால் அந்த எண் என்ன ஆகும்?" என்ற கேள்வி வரும்போதுதான் ஒர்க்ஷீட்டின் அருமை தெரியும். எனவே இந்தப் பாடத்திற்கு அப்படி ஒரு கேள்வியை எடுத்துக் கொள்வோம்.

கேள்வி என்னுடையது அல்ல. துபாயில் வேலை பார்க்கும் என் அத்தானுடையது. பழைய போர்ஷே 911 கார் ஒன்றை விலை பேசிக் கொண்டிருக்கிறார். அதில் செராமிக் பிரேக் இருக்கிறது என்று சொல்லி, விற்பவர் அதற்குத் தனியாகக் கூடுதல் தொகை கேட்கிறார். "நீதான் இன்ஜினீயர் ஆச்சே மாப்ளே, கொடுக்கலாமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றார். நான் படித்ததும் பார்ப்பதும் சாப்ட்வேர். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதிலாக ஒரு ஷீட் போட்டு அனுப்பினேன். அந்த ஷீட்டைத்தான் இங்கே நீங்களும் செய்து பார்க்கப் போகிறீர்கள்.

தொகை சின்னது அல்ல. 2020 வாக்கில் அமெரிக்காவில் புதிய 911 வாங்கும்போது இந்த பிரேக்கைக் கேட்டு வாங்கினால் சுமார் 9,000 டாலர் கூடுதல். அன்றைய மாற்று மதிப்பில் ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல். எங்கள் மன்னார்குடியில் அந்தப் பணத்தில் முழுதாக ஒரு புதுக் காரே வாங்கி நிறுத்தலாம்.

முதலில் பிரேக் என்ன செய்கிறது?

ஓடும் வண்டிக்கு ஓர் ஆற்றல் உண்டு. பிரேக் அந்த ஆற்றலை அழிப்பதில்லை, சூடாக மாற்றுகிறது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட்கள் கவ்விப் பிடிக்கின்றன. உரசலில் தட்டு சூடாகிறது, வண்டி நிற்கிறது. அந்தத் தட்டுக்குப் பெயர் டிஸ்க். (நம் பத்திரிகை வாசகர்கள் ஹார்ட் டிஸ்க்கை நினைத்துக் கொள்ள வேண்டாம்.) கவ்விப் பிடிக்கும் கைக்குப் பெயர் காலிப்பர்.

உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர் மேல் ஓர் அலுமினியக் கட்டையும் விசிறியும் இருக்குமே, அதே கதைதான் இங்கும். உண்டாகும் சூட்டை வாங்கி வைத்துக் கொள்ள ஒரு கனமான பொருள் வேண்டும். பிறகு அதைக் காற்றில் கொட்ட வழி வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. பிராசசர் அளவுக்கு மேல் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். பிரேக்குக்கு அந்தப் புத்தி கிடையாது. சூடு எல்லை மீறினால் பேட் பிடிப்பை இழக்கும், மிதி எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஓடிக் கொண்டே இருக்கும். ஆக நாம் கணக்குப் போட வேண்டியது சூட்டைத்தான்.

ஷீட் தயார் செய்வோம்

எக்ஸெல் இருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைத் திறக்கவும். இங்கே சொல்லும் வழிகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

திறந்ததும் மேலே ஏ, பி, சி என்ற எழுத்துகளும், இடப்பக்கம் 1, 2, 3 என்ற எண்களும் தெரியும். பி என்ற எழுத்தின் கீழ், 3 என்ற எண்ணுக்கு நேராக உள்ள கட்டம் பி3 செல். சினிமாக் கொட்டகை சீட் நம்பர் மாதிரி. ஏ செல்களில் பெயரையும், பக்கத்தில் பி செல்களில் எண்ணையும் அடிக்க வேண்டும்.

ஏ1-ல் எடை என அடித்து, பி1-ல் 1600 என அடிக்கவும். ஓட்டுநரோடு சேர்த்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எடை, கிலோவில். ஏ2-ல் வேகம், பி2-ல் 100. இது மணிக்கு கிலோ மீட்டர். ஏ3-ல் வினாடிக்கு மீட்டர் என அடித்துவிட்டு பி3-க்கு வரவும். இங்கே எண்ணை நாம் அடிக்கப் போவதில்லை. சமக்குறி (=) ஒன்றை அடிக்கவும். பிறகு மவுஸால் பி2 செல்லைக் கிளிக் செய்யவும். அடுத்து வகுத்தல் குறியான / அடித்து 3.6 என அடித்து என்டர் தட்டவும். 27.78 என விடை வரும். கூடுதல் தசமங்கள் தெரிந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

செல் பெயர்களைக் கையால் அடிப்பதைவிட இப்படி மவுஸால் தொட்டுக் காட்டுவது நல்லது. பழகியவர்கள்கூடப் பக்கத்துச் செல்லின் பெயரை அடித்துவிட்டு அரைமணி நேரம் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏ4-ல் ஆற்றல். பி4-ல் சமக்குறி அடித்து, பி1-ஐக் கிளிக் செய்து, பெருக்கல் குறியான * அடித்து, பி3-ஐக் கிளிக் செய்து, மறுபடி * அடித்து மறுபடி பி3, பிறகு /2. என்டர். பள்ளியில் படித்த அதே பார்முலா: எடையில் பாதி, பெருக்கல் வேகத்தின் இருமடி. விடை 6,17,284 ஜூல் என்ற அளவில் வரும்.

தேரும் ஸ்கூட்டரும்

மேலே போவதற்கு முன் இந்த நான்கு வரிகளை வைத்து ஒரு விளையாட்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவாரூர். அங்கே ஓடும் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பார்கள். தேரை நிறுத்தவும் திருப்பவும் அந்தக் காலத்தில் முட்டுக்கட்டைதான். சக்கரத்தின் அடியில் சரியான நொடியில் கட்டையைக் கொடுத்து எடுப்பது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. பிற்பாடு திருச்சி பெல் நிறுவனம் இந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது.

இப்போது பி1-ல் 300000, பி2-ல் 1.8 என மாற்றிப் பாருங்கள். தேர் அசைந்து வரும் வேகம் அவ்வளவுதான் என்று வைத்துக் கொள்வோம். பி4-ல் 37,500 வரும். அடுத்து பி1-ல் 200, பி2-ல் 70 எனக் கொடுங்கள். ஆள் உட்கார்ந்த ஒரு ஸ்கூட்டர், எழுபதில் போகிறது. 37,809 வரும்.

ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுக்கும் தேரும், நீடாமங்கலம் ரோட்டில் நம் தம்பிகள் முறுக்கிக் கொண்டு போகும் ஸ்கூட்டரும் ஆற்றலில் ஒன்று. தேரைப் பார்த்தால் எல்லோரும் விலகி நிற்கிறோம்; ஸ்கூட்டருக்கு விலகுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்பதை எத்தனை முறை படித்தாலும் மனதில் நிற்காது. இந்த இரண்டு எண்களை நீங்களே வரவழைத்துப் பார்த்தால் நிற்கும்.

சரி, பி1-ல் 1600, பி2-ல் 100 எனப் பழையபடி மாற்றிவிடவும். பி3, பி4 ஆகியவற்றைத் தொட வேண்டாம். அவை தாமாக மாறிக் கொள்ளும்.

சூடு எவ்வளவு ஏறும்?

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். அதனால் பெரும்பாலான கார்களில் சுமார் 70 சதவீத வேலையை முன்சக்கரங்கள்தான் செய்கின்றன. 911-ல் இன்ஜின் பின்னால் இருப்பதால் இது கொஞ்சம் குறையும். கணக்கு கறாராகவே இருக்கட்டும் என்று 70 என வைப்போம். இரண்டு முன் டிஸ்க்குகள், ஆளுக்கு 35 சதவீதம். ஏ5-ல் பங்கு, பி5-ல் 0.35. ஏ6-ல் டிஸ்க் எடை, பி6-ல் 10. ஏ7-ல் வெப்ப ஏற்பு, பி7-ல் 500. ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 500 ஜூல் வேண்டும் என்பது இதன் பொருள்.

ஏ8-ல் சூடு ஏற்றம். பி8-ல் சமக்குறி, பி4, பெருக்கல், பி5, வகுத்தல், பி6, வகுத்தல், பி7, என்டர். 43.2 என வரும். நூறில் போகும் காரை ஒரே மூச்சில் நிறுத்தினாலும் முன் டிஸ்க்கின் சூடு 43 டிகிரிதான் ஏறுகிறது. வெயிலில் கிடக்கும் டிஸ்க் 35 டிகிரி என்றால் நிறுத்தியபின் 78. டீ இதைவிடச் சூடாக இருக்கும்.

இப்போது செராமிக் டிஸ்க்கைப் பக்கத்தில் வைப்போம். பி1 முதல் பி8 வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கவும். தேர்ந்தெடுத்த பகுதியின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு கட்டம் தெரியும். அதைப் பிடித்து வலப்பக்கம் ஒரு கட்டம் இழுத்து விடவும். சி செல்களில் எல்லாம் நிரம்பிவிடும். பார்முலாக்கள் தாமாகவே பி என்பதை சி என மாற்றிக் கொண்டிருக்கும். ஆனால் கால்க், இழுக்கும்போது சும்மா இருக்கும் எண்களை ஒவ்வொன்று கூட்டிவிடும்: 1600 என்பது 1601 ஆகும். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டே இழுத்தால் எண்கள் அப்படியே வரும்.

சி6-ல் 5, சி7-ல் 800 என மாற்றவும். செராமிக் டிஸ்க் இரும்பின் எடையில் ஏறத்தாழப் பாதிதான். வெப்ப ஏற்பு அதிகம். சூடாகச் சூடாக இன்னும் ஏறும். இப்போது சி8-ஐப் பாருங்கள். 54.

இதைப் பார்த்து அத்தானுக்கு ஆச்சரியம். செராமிக் என்றால் சூடே ஏறாது என்று நினைத்துக் கொண்டிருந்தார். உண்மையில் அது இரும்பைவிடக் கூடுதலாகவே சூடாகிறது. அதன் சிறப்பு, அந்தச் சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது.

செராமிக் என்றால் டீ கப் அல்ல

பெயரைக் கேட்டதும் பீங்கான் ஞாபகம் வரும். இது வேறு. கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து டிஸ்க் வடிவில் அழுத்தி, சூட்டில் கரியாக்கி, பிறகு உருகிய சிலிக்கானை அதற்குள் உறிஞ்ச வைக்கிறார்கள். சிலிக்கான் 1,414 டிகிரியில் உருகும். உலையின் சூடு அதற்கும் மேலே. உள்ளே போன சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள். ஒவ்வொரு டிஸ்க்கும் இப்படி நாள்கணக்கில் உலையில் கிடந்து வெளிவருவதால்தான் விலை இப்படி. இரும்பு டிஸ்க் 600, 700 டிகிரியைத் தாண்டும்போது திணறும். இது ஆயிரத்திலும் வடிவம் மாறாது. போர்ஷே நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் 911 டர்போ, ஜிடி2 கார்களில் இதைக் கொண்டுவந்தது. மஞ்சள் நிறக் காலிப்பர்தான் அடையாளம்.

பந்தய வண்டிகளிலும் விமானங்களிலும் உள்ள கார்பன் பிரேக் இதற்கு அண்ணன். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய பார்முலா ஒன் வண்டியில் இருந்தது அந்த வகை. அது நன்றாகச் சூடான பிறகுதான் பிடிக்கும். காலையில் ஆபீஸ் போகும் வண்டிக்கு ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் "செராமிக் பேட்" என்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அது சாதாரண இரும்பு டிஸ்க்கில் போடும் பேட். அதன் கலவையில் செராமிக் இழைகள் உண்டு. சத்தம் குறைவு, கரித்தூள் குறைவு. நல்ல பொருள்தான். ஆனால் நாம் பேசிக் கொண்டிருக்கும் டிஸ்க்குக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு இல்லை.

எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

விற்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: "செராமிக் பிரேக், தொட்டால் நிற்கும்." பார்த்துவிடலாம். ஏ9-ல் டயர் பிடிப்பு, பி9-ல் 1. நல்ல டயர், காய்ந்த தார் ரோடு. ஏ10-ல் நிற்கும் தூரம். பி10-ல் சமக்குறி, பி3, *, பி3, /2/9.8/ என அடித்து பி9-ஐக் கிளிக் செய்து என்டர். 39.4 மீட்டர்.

பி9-ஐ 0.5 என மாற்றுங்கள். மழை ஈரம். 78.7 மீட்டர். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்து ரோடுகளில் நெல்லும் வைக்கோலும் காயும். டிராக்டர் இறக்கிய சேறும் கிடக்கும். அங்கே பிடிப்பு என்னவாக இருக்கும் என்று நீங்களே ஓர் எண் போட்டுப் பாருங்கள்.

இப்போது பி10 பார்முலாவைத் திரும்பப் பார்க்கவும். அதில் டிஸ்க்கின் எடை இல்லை, டிஸ்க் எதனால் ஆனது என்பதும் இல்லை. சாதாரணக் காரின் இரும்பு பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் பலம் உள்ளது. அப்படிப் பூட்டாமல் இருக்கத்தான் ஏபிஎஸ் வைக்கிறார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். அதற்கு மேல் நிறுத்துவது டயரின் வேலை. வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடக்கும்போது ஒரே ஒருமுறை அழுத்திப் பிடிக்கிறோமே, அங்கே ஆறரை லட்ச ரூபாய் டிஸ்க் ஒரு மீட்டர்கூட மிச்சம் பிடித்துத் தராது. தேய்ந்த டயரை மாற்றினால் பல மீட்டர் மிச்சம் பிடிக்கலாம்.

ரேஸ் டிராக்கில் என்ன நடக்கும்?

அப்படியானால் எதற்குத்தான் அது? அடிக்கடி, இடைவெளி இல்லாமல், பெரிய வேகத்திலிருந்து பிடிப்பவர்களுக்கு. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இருக்கிறது. சுமார் 3.7 கிலோ மீட்டர், 12 வளைவுகள். அந்த மாதிரி இடத்தை மனதில் வைத்துக் கொண்டு, ஒவ்வொரு முறையும் 200-லிருந்து 80-க்குக் குறைப்பதாக வைப்போம். பி2-ல் 200 கொடுத்தால் பி8-ல் 172.8, 80 கொடுத்தால் 27.7. கழித்தால் சுமார் 145. ஒரு பிடிக்கு 145 டிகிரி.

கீழே உள்ள ஷீட் 2 டேபைக் கிளிக் செய்யவும். அது இல்லையென்றால் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து உருவாக்கவும். ஏ1-ல் 35 (வெளிச்சூடு), ஏ2-ல் 145 (ஒரு பிடிக்கு ஏறுவது), ஏ3-ல் 0.75. கடைசி எண் என் அனுமானம்: அடுத்த வளைவு வருவதற்குள் கூடுதல் சூட்டில் கால் பங்கு காற்றில் போய்விடும், முக்கால் பங்கு தங்கும்.

சி1-ல் முதல் பிடி முடிந்ததும் உள்ள சூடு: ஏ1-ஐயும் ஏ2-ஐயும் கூட்டவும். 180. டி1-ல் ஆறிய பிறகு உள்ள சூடு: சமக்குறி, ஏ1, +, அடைப்புக்குறி, சி1, -, ஏ1, அடைப்புக்குறியை மூடி, *, ஏ3. 143.75 வரும். சி2-ல் டி1-ஐயும் ஏ2-ஐயும் கூட்டவும். 288.75.

இனி இழுத்து நிரப்ப வேண்டும். அதற்கு முன் ஒரு முக்கியமான பாடம். இழுத்தால் பார்முலாவில் உள்ள எல்லாச் செல்களும் கீழே நகரும். ஏ1, ஏ2, ஏ3 நகரக் கூடாது. எனவே டி1, சி2 இரண்டு செல்களையும் டபுள் கிளிக் செய்து திறந்து, ஏ என்ற எழுத்துக்கு முன்னாலும் அதன் எண்ணுக்கு முன்னாலும் $ குறியை அடிக்கவும். இந்த டாலர் குறிக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. "இங்கேயே நில்" என்று ஆணி அடிப்பது போல. சி, டி எழுத்துகளுக்கு ஆணி வேண்டாம், அவை நகரத்தான் வேண்டும். பிறகு டி1-ஐ டி2-க்கு இழுக்கவும். சி2, டி2 இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 20-ஆம் வரி வரை இழுத்து விடவும்.

சி நெடுவரிசையைப் படியுங்கள். மூன்றாவது பிடியில் 370, ஐந்தாவதில் 477, பத்தாவதில் 582, இருபதாவதில் 613. சாதாரண பேட்கள் 300, 400 டிகிரியைத் தாண்டினாலே பிடிப்பை இழக்கத் தொடங்கும். அதாவது முதல் சுற்று முடிவதற்குள்.

இப்போது ஏ2-ல் 28, ஏ3-ல் 0.2 என மாற்றவும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிறோம். எண்பதில் போய் நிற்கிறோம், சில நிமிடம் கழித்து மறுபடி நிற்கிறோம், நடுவில் காற்று வாங்கி ஆறுகிறது. இருபது வரியும் 70 டிகிரிக்கு மேல் போகவில்லை. 613-க்கும் 70-க்கும் உள்ள இடைவெளிதான் அத்தானுக்கு நான் சொன்ன பதில். துபாய் ஹைவேயில் ஆபீஸ் போய் வருவதற்கு 70 பக்கம்தான் இருப்பார்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியிலும் கேட்கலாம். ஷீட் 1-க்கு வந்து, டூல்ஸ் மெனுவில் கோல் சீக் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். (எக்ஸெலில் டேட்டா டேபில், வாட் இஃப் அனாலிசிஸ் என்பதன் கீழ் இருக்கும்.) பார்முலா செல்லாக பி8, டார்கெட்டாக 300, மாறும் செல்லாக பி2 எனக் கொடுத்து ஓகே தட்டவும். விடையிலிருந்து கேள்வியைத் தேடும் வசதி இது. ஒரே பிடியில் 300 டிகிரி ஏற வேண்டுமானால் மணிக்கு 263 கிலோ மீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்று சொல்லும். இந்தியாவில் 2018-ல் அறிவிக்கப்பட்ட வரம்பு எக்ஸ்பிரஸ்வேயில் 120.

இன்னும் ஒரு சேதி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாவதாக வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த அணி ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப் வண்டி. பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட அந்த வண்டியில் இருப்பது இரும்பு டிஸ்க்தான், 380 மில்லி மீட்டர் அகலத்தில். தேய்ந்தால் கழற்றி வீசிவிட்டு வேறு போட்டுக் கொள்ளலாம். சொந்த 911-ஐ டிராக்கில் ஓட்டுபவர்களிலும் பலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு இரும்பு போட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

செராமிக்குக்கும் நியாயம் சொல்ல வேண்டும். நான்கு சக்கரத்திலும் சேர்த்து ஏறத்தாழ 20 கிலோ குறையும். அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே குறையும் எடை, மேடுபள்ளத்தில் சக்கரம் ரோட்டை விடாமல் ஒட்டிப் போகும். துருப்பிடிக்காது. கரித்தூள் படியாது. நிதானமாக ஓட்டினால் மிக நீண்ட காலம் வரும். ஆனால் உடையக் கூடியது. டயர் மாற்றும்போது சக்கரம் இடித்தால் ஓரம் பெயரும். ஒரு டிஸ்க் மாற்றவே பல ஆயிரம் டாலர். துருவும் தூளும்தான் கவலை என்றால், 2017-ல் கயன் காருக்குப் போர்ஷே கொண்டுவந்த டங்ஸ்டன் கார்பைடு பூசிய இரும்பு டிஸ்க் நடுவழி.

நம் வண்டிக்கு இந்த ஷீட் எதற்கு?

இங்கேதான் நமக்கு வேலை. ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களும் பிரேக்கைக் காய்ச்சும் இடம் ஒன்று உண்டு: மலையிறக்கம். எங்கள் டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். அதில் ஓட்டிப் பழகியவர்கள் விடுமுறைக்கு ஊட்டி, கொல்லிமலை என்று கிளம்புகிறார்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36. உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கும் மேல்.

ஷீட் 3-ல் ஏ1-ல் 1300 (ஐந்து பேரோடு குடும்பக் கார்), ஏ2-ல் 9.8, ஏ3-ல் 1000 (இறங்கும் மீட்டர்) கொடுத்து மூன்றையும் ஏ4-ல் பெருக்கவும். 1,27,40,000 ஜூல். இதே காரை நூறிலிருந்து நிறுத்துவதற்கு ஆவது சுமார் 5 லட்சம். அதாவது ஒரு மலை இறங்குவது, நூறில் போய் நிறுத்துவதை 25 முறை அடுத்தடுத்துச் செய்வதற்குச் சமம். ஏ4-ஐ 1800-ஆல் வகுத்தால், அரைமணி நேரத்தில் இறங்கும்போது ஒவ்வொரு வினாடியும் கொட்ட வேண்டிய சூடு கிடைக்கும்: 7,078 வாட். ஏழு இஸ்திரிப் பெட்டிகளை வண்டிக்கு அடியில் கட்டி அரைமணி நேரம் ஓட விட்டது போல. 65 வாட் பிராசசர் என்றால் நூற்றுக்கும் மேல். டயரும் காற்றும் கொஞ்சம் வாங்கிக் கொள்ளும். மீதியை யார் வாங்குவது என்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. செகண்ட் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக் கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எல்லாம் பிரேக் தலையில். இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் குடிக்கும். எனவே அந்த மிச்சமும் இல்லை.

இந்தச் சூட்டில் முதலில் கைவிடுவது டிஸ்க் அல்ல, நம் மெக்கானிக்குகள் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். டாட் 4-க்கு 230. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய டாட் 3-க்குத் தரம் 140 டிகிரிதான். டாட் 4-க்கு 155. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். மிதித்தால் ஆவிதான் அமுங்கும், மிதி தரையைத் தொடும். செராமிக் டிஸ்க் போட்ட காரிலும் இதே திரவம்தான், இதே ஆபத்துதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். செலவு சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்குள். எங்கள் வீட்டு வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று சித்தப்பாவைக் கேட்டேன். "அதெல்லாம் மாத்துவாங்களா?" என்றார். கோடை விடுமுறைக்கு ஏற்காடு போவதற்கு முன் மாற்றியாயிற்று. நீங்களும் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செராமிக் டிஸ்க் இருந்தால் அதன் நடுப்பகுதியில் குறைந்தபட்சக் கனமும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் விற்பவர் கூடுதல் கேட்பது இருக்கட்டும், நீங்கள்தான் விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

ஷீட்டை சேவ் செய்யும்போது கால்க் தன்னுடைய ஓ.டி.எஸ். வகையில் சேவ் செய்யும். எக்ஸெல் வைத்திருப்பவருக்கு அனுப்புவதானால், சேவ் ஆஸ் கொடுத்து, கீழே உள்ள ஃபைல் டைப் பட்டியலில் எக்ஸெல் வகையைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யவும். பார்முலாக்கள், டாலர் ஆணிகள் எல்லாம் அப்படியே போய்ச் சேரும்.